ஏற்றாத விளக்கு

ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் பத்து மணி நேரம் வரும். கல் அறுக்கும் பட்டறைக்குப் போய்த் திரும்ப அவளுக்கு ஒன்பதரை மணி நேரம் ஆகும். மிச்சமிருக்கும் அந்த அரை மணியை நம்பித் தினமும் ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேருவாள்.

இன்றும் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை, சிலிண்டரின் முள்ளைத்தான் பார்த்தாள். சிவப்பைத் தொட்டிருக்க வேண்டியது பாதியில் நின்றது. திருகை இரண்டில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒன்றில் இருந்தது.

"யாரு குறைச்சது?"

"எலி" என்றார்.

பட்டறையில் அவருக்கு வாயாடி என்று பெயர். இருபது வருஷம் அறுக்கிற இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கதை சொன்னவர். இப்போது ஒரு மூச்சுக்கு மூன்று சொல்தான் வரும். அதையும் கேலிக்கே செலவழித்தார். சிகரெட் குடித்துக் கெட்ட நெஞ்சு என்று முதலாளி கையை விரித்துவிட்டார். வாயாடி சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

அவள் வேலை அடுத்த கொட்டகையில், கல்லுக்கு மெருகு போடுவது. அதுவும் பதினாறு வருஷமாகிவிட்டது.

திருகை இரண்டுக்குத் தள்ளிவிட்டு, வெளியே குழாயடிக்குப் போய்த் தண்ணீரை முழுதாகத் திறந்துவிட்டாள். பட்டறையில் கட்டியிருந்த மாஸ்க்கைக் கசக்கினாள். கசக்கக் கசக்கக் கல்தூசி பால் மாதிரி வந்தது.

"தண்ணிய இப்படித் திறந்துவிட்டுட்டு என்னடி பண்ற?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"முகம் கழுவுறேன்க்கா."

"இவ்வளவு நேரமா? சரி சரி, போய்ச் சாமி கும்பிடு. உன் பக்திக்கே உன் வீட்டுக்காரர் எழுந்து நடப்பாரு பாரு."

சிலிண்டர் வந்த அன்றே, வீட்டுக்குள் நெருப்பு கூடாது என்று கொண்டுவந்தவன் சொல்லியிருந்தான். அடுப்பு வாசலுக்குப் போனது. சாமியை வாசலில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அன்று ஊற்றிய எண்ணெயும் போட்ட திரியும் அப்படியே இருக்க, தீக்குச்சி மட்டும் உரசாமல் விளக்கின் முன் உட்கார்ந்தாள். எண்ணெயின் மேல் ஆடை கட்டியதுபோல் தூசி படிந்திருந்தது.

நாள் முழுக்க எல்லோரிடமும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லி வந்தவள், இங்கே மட்டும் உள்ளதைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் தோள் இறங்கும். அதற்கப்புறம்தான் பசிக்கும்.

"ஏய்... இருட்டுல சாமிக்கு... கண்ணு தெரியுமா?"

"காது கேக்கும்ல. போதும்."

"நான் பொழைக்கணும்னு... கேக்காத. பாவம்... சங்கடப்படுவாரு."

"அத நான் கேக்கல."

வாய் தவறி வந்துவிட்டது. அவர் சிரிப்பு நின்றது.

"அப்ப?"

குழாயடிக்குப் போகலாம் என்று எழுந்தாள். கதவை எட்டுவதற்குள் இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் அழுத்தி இருமினாள். மேலாக, வறட்டென்று. அந்த இருமல் அவருக்குத் தெரியும். முதல் வருஷம் அவருக்கும் அப்படித்தான் இருந்தது.

அவர் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினார்.

அவள் அதை வாங்கி, மறுபடி அவர் மூக்கில் வைத்து, காதுக்குப் பின்னால் சரிசெய்தாள்.

"எனக்கும் வந்துருச்சுங்க. நான் படுக்கையில விழறதுக்குள்ள உங்களக் கூட்டிக்கச் சொல்லித்தான் சாமிகிட்ட தினமும் கேக்குறேன்."