பதினெட்டுக் கைப்பேசிகள்

விடியுமுன்பே சலவைக்கூடத்தில் ஆவி சீறத் தொடங்கிவிட்டது. விடுதிகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளை ஈரம் சொட்டச் சொட்ட இழுத்து, சூடான உருளைகளுக்குள் கொடுத்துக்கொண்டிருந்தாள் இஸ்திரிக்காரி. முழங்கைவரை சூட்டுத் தழும்புகள்.

"அக்கா, போன்ல பணம் வச்சிருக்கிற என் வாலட் திறக்கமாட்டேங்குது. முடக்கியாச்சுன்னு வருது," என்று கத்தினாள் துவைக்கிறவள்.

பதினெட்டுப் பேர் கைப்பேசியிலும் அதே வாசகம். இஸ்திரிக்காரியின் மகளுக்கு மூச்சிரைப்பு மருந்து நேற்றோடு தீர்ந்திருந்தது.

கூலியை வாலட்டில் போடுவதாகச் சொல்லி, எல்லாருடைய ரகசிய எண்ணையும் போன மாதம் எழுதி வாங்கியவர் முதலாளிதான். அவர் அறைக்குள் மொத்தமாக நுழைந்தார்கள்.

"நான் கூலி போட்டாச்சு. நீங்க எதையாவது தப்பா அமுக்கியிருப்பீங்க."

"பதினெட்டுப் பேரும் ஒரே நேரத்துலயா சார் அமுக்கினோம்?" என்றாள் இஸ்திரிக்காரி.

"வாய் நீளுது உனக்கு!"

மூலையில் இருந்த கம்ப்யூட்டர்காரன் எழுந்தான். "கூலி போட நம்ம கம்ப்யூட்டரை முறைப்படி இணைக்க வாலட் கம்பெனி கட்டணம் கேட்டுச்சு. இவர் கட்டல. யாரோ எழுதி இணையத்துல போட்ட ரெடிமேட் புரோகிராம் ஒண்ணு, கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாதது, அதை மாட்டச் சொன்னாரு. அது உங்க எண்ணைப் போட்டு, நீங்களே திறக்கிற மாதிரி உள்ள போகும். நீங்க எங்க செலவு பண்றீங்க, வேற எங்க வேலைக்குப் போறீங்கன்னு தினம் பார்த்தாரு. கம்பெனி கண்டுபிடிச்சுப் பூட்டிருச்சு. மாட்டினது என் கைதான்க்கா."

முதலாளி ஒரு தாளை அவன் முன் வீசினார். "எனக்குத் தெரியாம நீயே பண்ணினதா எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா போலீஸ்!"

இஸ்திரிக்காரிக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. தாளைத்தான் பறித்தாள்.

"எங்க வயித்துல அடிச்சதுல உனக்கும் பங்கு இருக்கு தம்பி. அதை அப்புறம் பேசிக்கறேன். இதுல மட்டும் கையெழுத்துப் போடாதே."

கூடத்துக்குப் போய் ஆவிக்குழாயைத் திருகி மூடினாள். உருளைகள் நின்றன.

"விரிப்பு எடுக்க விடுதி வண்டி வர்ற நேரம்! எல்லாரையும் தொலைச்சுக் கட்டிடுவேன்!"

"கூலியைக் கையில குடுங்க. செஞ்சது நீங்கன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுங்க. அப்புறம் தொலைச்சுக் கட்டலாம்."

பதினெட்டுப் பேரும் வாசலில் உட்கார்ந்தார்கள். இருந்த சில்லறையைச் சேர்த்து, மருந்து வாங்க ஒருத்தியை அனுப்பினார்கள். தயங்கித் தயங்கி வெளியே வந்த கம்ப்யூட்டர்காரனுக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. ஆனால் துவைக்கிறவள் நகர்ந்து இடம் விட்டாள்.

விடுதி வண்டி வந்து நின்றது. கூடத்துக்குள்ளிருந்து முதலாளி, "ஏத்துடா! அவங்களைத் தாண்டி வந்து ஏத்து!" என்று அலறினார்.

ஓட்டுநர் இறங்கி, உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். "என்னம்மா ஆச்சு?"

இஸ்திரிக்காரி சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் திரும்பிப் போய் வண்டியின் எஞ்சினை அணைத்தார், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருங்க."