திருப்பிப் பார்க்காத பாக்கெட்

லாண்டரிக்குத் துணி கொடுக்க வருகிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சி.ஐ.டி. அக்கா. மெஷினில் போடுவதற்கு முன் ஒவ்வொரு பாக்கெட்டையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பார்ப்பது அவள் வேலை. ஒரு பேனா கண்ணில் படாமல் உள்ளே போய்விட்டால் போதும், கூடக் கிடக்கும் அத்தனை சட்டையும் நீலம் பாய்ந்து வரும். அப்படிப் பார்த்துப் பார்த்தே யார் சிகரெட்டை விட்டுவிட்டதாக வீட்டில் புளுகுகிறார், யார் மனைவிக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போகிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கிடைத்ததைச் சின்ன கவரில் போட்டு டோக்கனோடு பின் குத்தித் திருப்பிக் கொடுப்பாள். அதைப் பற்றி மூச்சு விட மாட்டாள்.

இந்தச் சோதனைக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அவள் தம்பியின் துணி. கூடப் பிறந்தவன் பாக்கெட்டில் கை விடுவது அவளுக்கு அசிங்கமாகப் பட்டது. அப்படியே அள்ளி மெஷினில் போட்டுவிடுவாள். ஒருமுறை அவன் துணியிலிருந்து ஏதோ காகிதம் கரைந்து எல்லாவற்றிலும் பஞ்சு பஞ்சாக ஒட்டிக்கொண்டபோதுகூடப் பழியை மெஷினின் வடிகட்டி மேல்தான் போட்டாள்.

இப்போது அவள் சந்தேகம் முழுக்க லாண்டரிக்காரரான புருஷன் மேல் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஸ்டீம் பாய்லர் படுத்துவிட்டது. மெக்கானிக் வந்து நாலு பக்கமும் தட்டிப் பார்த்து, "இதுக்கு மேல ஒட்டுப் போட முடியாதுண்ணே, புதுசுதான்" என்று கையை விரித்துவிட்டார். பாய்லர் இல்லையென்றால் இஸ்திரி இல்லை. தெருமுனை ஹோட்டலின் படுக்கை விரிப்புகள்தான் கடைக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தன. வார இறுதிக்குள் சரியாகாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக ஹோட்டல் மேனேஜர் போனில் ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் கடையும் போகும் என்பது இருவருக்கும் தெரியும்.

பணத்துக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, பேங்கில் லாண்டரிக்காரர் பேரில் பர்சனல் லோன். இன்னொன்று, துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவள் வாங்கிய கிரெடிட் கார்டு. அதை ஏ.டி.எம்.மில் செருகினால் கையில் ரொக்கம்.

"கார்டுலயே எடுத்துடலாம்" என்றார் அவர், ஈரத்துணி மூட்டையைக் கட்டியபடியே. "பேங்குக்குப் போனா அந்தக் காகிதம் குடு, இந்தக் காகிதம் குடுன்னு இழுத்தடிப்பான்."

"கார்டுல பொருள் வாங்கினாத்தான் கொஞ்ச நாளைக்கு வட்டி இல்லைங்க. காசா எடுத்தா எடுத்த அன்னையிலேருந்தே வட்டி ஓடும். எடுக்கறதுக்குன்னு தனியா ஒரு கட்டணம் வேற. பேங்க் லோன்னா வட்டி பாதிகூட வராது. மாசாமாசம் இவ்வளவுன்னு கட்டிட்டுப் போயிடலாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு வெவரம் உனக்கு எப்படித் தெரியும்?"

"கஸ்டமர் ஒருத்தங்க பட்டிருக்காங்க, பாவம்" என்று சொல்லிவிட்டு, எண்ணுவதற்கு அவசியமே இல்லாத ஹேங்கர்களை எண்ண ஆரம்பித்தாள்.

பட்ட கஸ்டமர் அவளேதான். சில மாதங்களுக்கு முன் தம்பி வந்து, நண்பனோடு கூட்டுச் சேர்ந்து கார் வாங்கி வாடகைக்கு விடப்போவதாகச் சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "ஒரே மாசம், திருப்பிடறேன்க்கா. மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவர் முன்னாடி என் மானம் போயிடும்." கார்டில் ரொக்கமாக எவ்வளவு எடுக்க விடுவார்களோ அவ்வளவையும் வழித்து எடுத்துக் கொடுத்தாள். மாதம் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. காரையும் காணோம், காசையும் காணோம். அவள் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே வந்தாள். கட்டக் கட்டக் கடன் குறைகிற வழியைக் காணோம். இப்போது அந்தக் கார்டைச் செருகினால் மெஷின் உதட்டைப் பிதுக்கிவிடும். அவளுடைய குட்டும் உடைந்துவிடும்.

அதனால் அவள் லோன் லோன் என்று அடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவர் ஏன் கார்டு கார்டு என்று நிற்க வேண்டும்?

அந்தக் கேள்விதான் அவளைக் குடைந்தது. சோப்பு பாட்டில் காலியான பிறகும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி இரண்டு சட்டைக்குப் பயன்படுத்தும் மனுஷன் அவர். வட்டி கம்மி என்று சொன்னால் நாலு தெரு தாண்டி நடந்து போகிறவர். அப்பேர்ப்பட்டவர், அதிக வட்டியை வலிய வாங்கித் தலையில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. அவர் சட்டைகளின் பாக்கெட்டுகள் கொஞ்ச நாளாகவே காலியாக வந்தன. முன்பெல்லாம் ஒரு ஸ்க்ரூ, ஒரு பட்டன், பாதி தின்ற மிட்டாய் என்று ஏதாவது கிடக்கும். அவளும் திட்டிக்கொண்டே எடுத்துப் போடுவாள். இப்போது தூசுகூட இல்லை. மடியில் கனம் இல்லாதவன் எதற்குப் பாக்கெட்டைத் துடைத்துத் துடைத்து வைக்கிறான்?

யோசிக்க யோசிக்க விஷயம் அவளுக்குப் புரிந்துபோயிற்று. பேங்க் லோன் என்று போனால், ஆளுக்கு ஏற்கெனவே என்னென்ன கடன் இருக்கிறது என்று பார்ப்பார்கள். அவர் அதற்குத்தான் பயப்படுகிறார். ஏற்கெனவே ஒரு லோன் இருக்கிறது. அவளுக்குத் தெரியாமல் வாங்கி, யாருக்கோ கொடுத்திருக்கிறார். யாருக்கு? அந்த இடத்தில் அவள் மனம் சும்மா இருக்கவில்லை. யாரோ ஒருத்தியின் வீடு, அங்கே ஒரு கட்டில், அதன் மேல் நன்றாக இஸ்திரி போட்ட விரிப்பு வரைக்கும் கற்பனை செய்து முடித்துவிட்டது. தன் பக்கமும் ஒரு பொய் இருக்கிறது என்பதையே அவள் மறந்துபோனாள். அவளுக்குப் பயமாக இருந்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அது பயம்தான்.

புதன்கிழமை பேங்க் மேடம் கோட்டு வாங்க வந்தார். பேங்கில் லோன் பிரிவைப் பார்ப்பவர், கடைக்குப் பழைய வாடிக்கை. அவள் சமயம் பார்த்துக் காத்திருந்தவள்தானே.

"மேடம், இவருக்கு ஒரு பர்சனல் லோன் வேணும். கிடைக்குமான்னு பாத்துச் சொல்லுங்களேன்."

"அதுக்கென்ன, இங்கேயே பாத்துடலாம்" என்று மேடம் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். "உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும்ணே, அதைச் சொன்னீங்கன்னா ஏற்கெனவே இருக்கிற லோன் எல்லாம் தெரிஞ்சிடும்."

லாண்டரிக்காரரின் முகம் வெளுத்த துணி மாதிரி ஆகிவிட்டது. "எதுக்கு மேடம் உங்களுக்குச் சிரமம்?" என்றவர், சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார். "முதல்ல கார்டுல எவ்வளவு எடுக்கலாம்னு பாரு. உன் போன்லதானே வரும், காட்டு."

"நீங்க முதல்ல நம்பரைச் சொல்லுங்க."

"நீ முதல்ல காட்டு."

"ஏன், சொன்னா என்ன ஆயிடும்?"

"காட்டினா என்ன ஆயிடும்?"

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விவரம் தெரிந்தவர், கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஏற்கெனவே லோன் இருந்தா தர மாட்டோம்னு எல்லாம் இல்ல. ஒழுங்கா கட்டியிருந்தா போதும். ரெண்டு பேரும் பேசிட்டு, சேந்து வாங்க" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

அவள்தான் முதலில் உடைந்தாள். "எவ அவ?"

"எவளா?"

"லோன் வாங்கி யாருக்குக் குடுத்தீங்க? எனக்குத் தெரியும். சட்டைப் பையைத் துடைச்சுத் துடைச்சு வைக்கிறப்பவே தெரியும்."

அவர் இஸ்திரி மேஜை மேல் உட்கார்ந்துவிட்டார். "லோன் வாங்கினது நிஜம். பேங்க் ரசீது உன் கையில சிக்கிடக் கூடாதுன்னு பாக்கெட்டைக் காலி பண்ணினதும் நிஜம். யாருக்குன்னு மட்டும் கேக்காத. சொன்னா நீ தாங்க மாட்டே."

"தாங்கறேனா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். சொல்லுங்க."

அவர் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். "பழைய கடன்காரன் வீட்டு வாசல்ல வந்து நிக்கறான் மாமா, ஒரே மாசம், திருப்பிடறேன்னு அழுதான். அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது, அவ மனசு ஒடஞ்சுபோயிடும்னான்."

அவளுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் துணிக்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரான் பாக்கெட்டை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தவளுக்கு இது தெரியவில்லை. போனைத் திறந்து கார்டுக் கணக்கை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் மேலிருந்து கீழாகப் படித்தார். கீழிருந்து மேலாக மறுபடி படித்தார்.

"அவனுக்கா?"

தலையாட்டினாள். "மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நல்ல சிரிப்பு இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. அதோடு ஒரு நிம்மதியும் வந்ததை அவள் மறைக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் மேடத்தைப் போய்ப் பாப்போம். பாய்லருக்கும் என் கார்டுக்கும் சேத்து ஒரே லோனா கேப்போம். இனிமே எதுவா இருந்தாலும் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுதான்."

"சரி" என்றார் அவர். வேறென்ன சொல்ல முடியும்?

சாயங்காலம் தம்பி வந்தான், வெளுக்கக் கொடுத்த துணியை வாங்க. எப்போதும் போலச் சீட்டியடித்துக்கொண்டே நுழைந்தவன், கல்லாவுக்குப் பின்னால் இருவரும் தோளோடு தோளாக நிற்பதைப் பார்த்ததும் சீட்டியை நிறுத்தினான். அவனுக்கு இது புதுசு. அக்காவிடம் பேசும்போது மாமா மூட்டை எடுக்கப் போயிருப்பார். மாமாவிடம் பேசும்போது அக்கா வீட்டில் இருப்பாள்.

"என்னக்கா, ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கறீங்க?" சிரித்துப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. மெல்ல மாமாவுக்குக் கண்ணைக் காட்டினான்.

"அக்காவுக்குத் தெரியும்டா" என்றார் லாண்டரிக்காரர்.

அவன் அவசரமாக அவள் பக்கம் திரும்பினான்.

"மாமாவுக்கும் தெரியும்" என்றாள் அவள்.

லாண்டரிக்காரர் நிதானமாகப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். அவள் கல்லாவைச் சுற்றிக்கொண்டு தம்பியின் முன்னால் வந்து நின்றாள். அவன் போட்டிருந்தது புதுச் சட்டை, புது பேண்ட். எத்தனையோ பேர் துணியைத் தொட்ட கைக்கு அதன் விலை தெரியும்.

"உன் துணியை மட்டும் நான் பாக்காமயே மெஷின்ல போட்டுட்டேன்டா" என்றாள். "பாக்கெட்டைத் திருப்பு."

"என்னக்கா நீ, வெளையாடறியா?" என்றான் தம்பி. ஆனால் அவன் கை அதற்குள் தானாகப் போய்ப் பாக்கெட்டை அழுத்தி மூடிக்கொண்டிருந்தது.