பழுப்புப் பெயிண்டின் உயரம்

எங்கள் ஊர் மன்றக் கூடத்துச் சுவரோவியத்தில் யாருக்கும் கால் கிடையாது. பாலம் கட்டுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பவர்கள், எல்லோரும் பழுப்புப் பெயிண்டுக்குள் பாதி முழுகி நிற்பார்கள். அந்தக் கால்களை வெளியே கொண்டுவரத்தான் மன்றம் என்னைக் கூப்பிட்டது. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுதுபார்ப்பது என் தொழில். குச்சியில் பஞ்சைச் சுற்றி, மருந்தில் தோய்த்து, உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஆசைப்படாமல் துடைத்துக்கொண்டே போவேன். ஊரில் என் பெயர் பஞ்சக்கா. அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். வேலையைச் சீக்கிரம் முடி என்றால் மட்டும் எனக்குக் காது கேட்காது.

பெயிண்ட் உரிந்ததும் கால்கள் வந்தன. கூடவே சேறும் வந்தது. பெயிண்டுக்கும் ஓவியத்துக்கும் நடுவில் மாவு போல மெல்லிய வண்டல். அதன் மேல்விளிம்பு சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நூல் பிடித்த மாதிரி போயிற்று. நிலத்து ஈரம் ஊறி ஓதம் ஏறிய சுவரில் கறை மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். இவ்வளவு நேராகக் கோடு போடத் தெரிந்தது தேங்கி நிற்கிற தண்ணீருக்குத்தான்.

ஒரு காலத்தில் மலை சரிந்து ஆற்றை அடைத்த கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறியதாம், கணுக்கால் நனைந்ததாம், நாலு கோழி செத்ததாம். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். கூடத்துச் சுவரில் கோடு என் இடுப்புக்கு இருந்தது.

மன்றத் தலைவர் வந்து பார்த்தார். "கால் வந்துடுச்சே. அந்த அழுக்கையும் ஒரு துடை துடைச்சிடும்மா."

"இது அழுக்கு இல்ல தலைவரே. தண்ணி வந்து நின்ன அடையாளம். இத நான் துடைக்க மாட்டேன்."

"கால் தெரியணும்னுதானே உன்னக் கூப்பிட்டோம்?"

"தெரியும். சேத்துல நின்ன காலாத் தெரியும்."

அவர் முகம் சுருங்கியது. ஜன்னல் வழியாக ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பார்வை போய்த் திரும்பியது. அங்கே வெள்ளைக் கல் நட்டு, வீட்டுமனையாகப் பிரித்து விற்றது மன்றம்தான். "தேவையில்லாம ஊரக் கிளப்பிவிடாத," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனைகளில் ஒன்றில் என் தங்கை வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

பஞ்சைப் போட்டுவிட்டு அவளைப் பார்க்கக் கிளம்பினேன். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் உள்சுவரின் அடிப்பக்கம் பழுப்பு அடிப்பது வழக்கம். மேல்தெருவில் அது முழங்கால் வரை. விளக்குமாறு பட்டு அழுக்காகும், அதனால் என்பார்கள். கீழ்த்தெருவில் தோள்வரை. கீழ்த்தெருக்காரர்கள் சுவரில் சாய்க்கிற எண்ணெய்த் தலைக்கு அதுவும் போதாது என்று மேல்தெருவில் கேலி செய்வோம். முதலில் அடித்தவர்கள் சேற்றுக் கறையை மறைக்க அடித்திருக்கிறார்கள். பிறகு வந்தவர்கள் பழைய விளிம்பை விடாமல் அதே உயரத்துக்கு அடித்துக்கொண்டே வந்திருக்கிறோம். தெரு இறங்க இறங்கப் பழுப்பு ஏறுகிறது. சுவரைப் பார்த்தே பிழைக்கிற எனக்கு இத்தனை நாள் இது உறைக்கவில்லை. என்மேலேயே எரிச்சலாக வந்தது.

தங்கை குடியிருந்த வாடகை வீடு கீழ்த்தெருவின் கடைசி. பழுப்பு என் நெற்றி உயரம். கதவுக்குப் பின்னால் கத்தியால் சுரண்டினேன். அதே வண்டல்.

"வாடகை வீட்டுச் சுவரச் சொரண்டாத அக்கா. வீட்டுக்காரருக்கு நான்தான் பதில் சொல்லணும்."

"ஆத்தங்கரையில கட்டாதடி." நான் கண்டதையெல்லாம் சொன்னேன்.

அவள் கேட்டுவிட்டு, "சுவர் எழும்பியாச்சு. அடுத்த வாரம் கூரைக்குக் கம்பி கட்டப்போறோம். இப்ப வந்து கட்டாதங்கற. உனக்குச் சொந்த வீடு இருக்கு, பேசுவ. நான் ஒரு ஆணி அடிக்கறதுன்னாக்கூட இன்னொருத்தரக் கேக்கணும்," என்றாள்.

சுருக்கென்று தைத்தது. உண்மைதானே. ஆனால் வாயை மூடிக்கொண்டு போக நான் வரவில்லை.

"என்ன நம்ப வேணாம். தண்ணிகிட்டயே கேப்போம். மாப்பிள்ளை, உங்க மட்டக் குழாய் எங்க?"

அவள் புருஷன் கொத்தனார். ஆணியில் தொங்கிய குழாய்ச் சுருளை எடுத்து வந்தார். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற நீள பிளாஸ்டிக் குழாய் அது. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் எவ்வளவு தூரமானாலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ஒரு முனையில் தண்ணீர் பழுப்பு விளிம்போடு நிற்கும்படி அவர் வீட்டுக்குள் பிடித்துக்கொண்டார். மறுமுனையை உயரமான மூங்கிலில் கட்டி, வீட்டுக்குப் பின்னாலேயே சரிவில் இறங்கி, அவர்கள் மனையில் எழும்பியிருந்த சுவரையொட்டி நான் நிறுத்தினேன்.

"நீ பாத்துச் சொல்ல வேணாம். நானே பாக்கறேன்," என்று தங்கை சாரத்தில் ஏறினாள். கூரை வந்து உட்கார வேண்டிய சுவரின்மேல் நிமிர்ந்து நின்று மூங்கிலைப் பிடித்தாள். குழாயில் தண்ணீர் ஆடி ஆடி அடங்கியது.

"எங்கடி நிக்குது?"

அவள் கையைத் தன் கழுத்தில் வைத்துக் காட்டினாள். பிறகு கீழே, ஆறு தெரியவேண்டும் என்று கேட்டு வாங்கிய ஜன்னலைப் பார்த்தாள். "மொட்டமாடிக்கு ஓடினாக்கூடத் தப்ப முடியாது," என்றாள்.

நான் சொன்னது சரியாகிவிட்டது. எனக்கு அழுகை முட்டியது.

கொத்தனார் குழாயை ஆணியில் மாட்டிவிட்டு ஓடிவந்தார். அவள் கழுத்திலிருந்த கையைப் பார்த்ததும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து மனைகளில் வேலை செய்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

தங்கை சுவர்மேல் குந்தி, கலவையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். "இது காலைல வச்ச வரிசைதானே? இன்னும் இறுகல. இப்பவே எடுத்தா செங்கல் உடையாது."

"எறங்கு. நாளைக்கு ஆள் வச்சுப் பிரிச்சுக்கலாம்," என்றார் அவர்.

"நாளைக்கு எனக்கு மனசு வராது." முதல் கல்லை அசைத்து எடுத்தாள். "குழாயச் சுருட்டிடாதீங்க. அவங்க மனையிலயும் பிடிச்சுக் காட்டணும்."

அவர் எழுந்து குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து மனைக்கு நடந்தார். தங்கை குனிந்து கல்லை நீட்டினாள். நான் வாங்கி அடுக்கினேன்.