கவுனை இழுக்கிற வேலை

நீதிமன்றத்தில் வக்கீலின் குமாஸ்தாவுக்கு எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒரு வேலை இருந்தது. வக்கீல் தேவைக்கு மேல் பேசினால் பின்னாலிருந்து அவருடைய கறுப்புக் கவுனின் நுனியை மெல்ல இழுக்க வேண்டும். வக்கீலுக்குச் சட்டம் அத்துப்படி, வாய்க்குத்தான் கடிவாளம் இல்லை. நீதிபதி சாதகமாக எழுதத் தொடங்கிய பிறகும் பேசிப் பேசியே காரியத்தைக் கெடுத்துக்கொள்வார். இருபது வருடம் இந்த ஏற்பாடு ஒழுங்காக ஓடியது.

பிறகு ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. மாகாண சபைக்குப் போனார், அமைச்சரும் ஆனார். அங்கேயும் பின்னால் நிற்க ஆட்கள் இருந்தார்கள், கை தட்டுவதற்கு. சாலை கேட்டவர்களிடம் பாலமும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். பாலம் கேட்டவர்களிடம் ஆஸ்பத்திரியும். அடுத்த தேர்தலில் அதே ஊர் அவரை மண்ணைக் கவ்வ வைத்தது.

அந்த ஐந்து வருடமும் வேறொரு வக்கீலிடம் டைப் அடித்துக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்கு ஒரு போன்கூட வரவில்லை. மனசு நொந்துதான் போயிருந்தது. ஆனால், தோற்ற வக்கீல் மறுபடி தொழிலுக்குத் திரும்பி "வாய்யா" என்று கூப்பிட்டதும் அன்றைக்கே வந்து நின்றார். பாசம் வைத்துத் தொலைத்தால் ரோஷம் எங்கே நிற்கும்?

முதல் வழக்கு ஒரு தையல்காரம்மாவுடையது. கட்டடச் சொந்தக்காரர் மறுநாள் கடையைப் பூட்டப்போகிறார். இன்றே தடை உத்தரவு கிடைத்தால்தான் பிழைப்பு.

"அவரை நம்பிக் கேஸைக் குடுத்திருக்கேண்ணே. வாங்கிடுவாருல்ல?"

"சட்டத்துல அவரை அடிச்சுக்க ஆள் இல்லம்மா," என்றார் குமாஸ்தா. மீதியை விழுங்கிவிட்டார்.

வக்கீல் நன்றாகத்தான் தொடங்கினார். குத்தகைப் பத்திரத்தின் ஏழாவது பக்கத்தைக் காட்டினார். நீதிபதி தலையசைத்துப் பேனாவை எடுத்தார். அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"இந்த மாகாணத்தின் ஒவ்வொரு உழைக்கும் பெண்ணின் கண்ணீரும்..."

மேடைக் குரல். நீதிபதியின் பேனா நின்றது. "எல்லாருமே இதுல மனுதாரர்களா?"

குமாஸ்தாவின் கை நீண்டு, பாதியில் நின்றது. அமைச்சராக இருந்தவரின் கவுனை இழுக்கலாமா? ஐந்து வருடம் நினைத்தே பார்க்காதவரிடம் தனக்கு என்ன உரிமை? அதற்குள் வக்கீலின் பேச்சு பாலத்துக்குப் போய்விட்டது. நீதிபதி பேனாவை மூடினார். தையல்காரம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

இழுத்தார். ஐந்து வருடக் கோபமும் சேர்ந்துகொண்டதில், கவுன் சர்ரென்று கிழிந்தது. வக்கீல் வாக்கியத்தைப் பாதியில் விட்டு, "அவ்வளவுதான்," என்று உட்கார்ந்தார். நீதிபதி இரண்டு நிமிடம் பத்திரத்தைப் புரட்டினார். பிறகு பேனாவைத் திறந்து தடை உத்தரவு எழுதினார்.

வெளியே தாழ்வாரத்தில் குமாஸ்தா தலைகுனிந்து நின்றார். "மன்னிச்சிடுங்க சார். கிழிஞ்சிடுச்சு."

"மேடையில பேசுறப்பெல்லாம் பின்னாடி கைய விட்டுப் பார்ப்பேன்யா. நீ இருக்க மாட்டே."

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே சார்."

"அது தெரியும். நீ வந்தா நிறுத்தணுமேன்னுதான் கூப்பிடல."

தையல்காரம்மா கவுனைக் கேட்டு வாங்கிக் கிழிசலைப் பார்த்தார். "ஒரு தையல் போட்டா சரியாயிடும் சார்."

"ரெண்டா போடும்மா," என்றார் வக்கீல். "இனிமே தினம் இழுக்க ஆள் இருக்கு."