பவுலின் கேட்ட பூட்டு

லிங்கராஜபுரத்தில் பவுலின் நடத்தும் பெண்கள் ஹாஸ்டலுக்கு, பெற்றவர்கள் எதை நம்பிப் பெண்களை அனுப்புகிறார்கள்? பவுலினைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்: பூட்டை. ராத்திரி பத்து மணிக்கு மாடிப்படிக் கதவுகளில் பூட்டு விழும். சாவிக்கொத்து பவுலினின் இடுப்பில் ஏறும்.

அந்தக் கதவுகளுக்குத்தான் இப்போது ஆபத்து. சோதனைக்கு வந்த தீயணைப்பு அதிகாரி, மாடிக்கு மாடி தீத்தடுப்புக் கதவு மாட்டினால்தான் அனுமதி, இல்லையென்றால் பெண்களை வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள் என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஆனேக்கல்லிலிருந்து ஷங்கர் வந்தார். இந்த வகைக் கதவுகளை மட்டுமே மாட்டுகிற கான்ட்ராக்டர். கதவு, நிலை, கீல், தானாகச் சாத்தும் கருவி எல்லாவற்றையும் ஒரே செட்டாக நெருப்பில் வைத்துச் சோதித்ததற்கான சான்றிதழைக் காட்டினார். பவுலின் அதோடு விடவில்லை. அவர் வேலை செய்திருந்த அல்சூர் கிளினிக்குக்குப் போன் போட்டு விசாரித்தாள். ஒரு குறையும் இல்லை, வருஷா வருஷம் வந்து கீலைக்கூடப் பார்த்துவிட்டுப் போகிறார் என்றார்கள்.

ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அப்போதுதான் பவுலின் பூட்டைப் பற்றிக் கேட்டாள்.

"பூட்டு வராது மேடம். வெளியிலருந்து ஒருத்தனும் நுழைய முடியாது. உள்ளருந்து யார் தள்ளினாலும் திறக்கணும்."

"என் பிள்ளைங்க ராத்திரி எறங்கிப் போயிட்டா?"

"திறந்தா மணி அடிக்கும். நீங்க எழுந்துடுவீங்க. இல்ல, பூட்டுதான் வேணும்னா என்னை விட்டுடுங்க."

இவ்வளவு திமிரா என்று விட்டுவிட்டாள். அண்ணன் ஓஸ்வால்ட் எதற்கு இருக்கிறார்? சர்ச் பெஞ்சுகளும் பாதிரியார் வீட்டு அலமாரியும் அவர் கைவேலை. தீத்தடுப்புக் கதவு மட்டும் இதுவரை மாட்டியதில்லை. அதனால் என்ன, கதவு கதவுதானே என்பது அவர் கட்சி. கெட்டிப் பலகை, மேலே தகரம், சாத்தினாலே விழும் பூட்டு. ஆபீசர் வந்தால் தகரத்தைத் தட்டிக் காட்டினால் போயிற்று என்றார்.

ஞாயிறு மத்தியானம் மாதிரிக்கு ஒரு கதவை இரண்டாவது மாடியில் மாட்டினார். பெண்கள் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். தங்கையை வராந்தாவுக்குள் கூப்பிட்டு, பெருமையாகக் கதவைச் சாத்தினார்.

க்ளிக்.

சாவி? படிக்கட்டில் வைத்த கருவிப் பையில். அவர் போனும் அதே பையில். பவுலினின் போன் கீழே சார்ஜில்.

ஓஸ்வால்ட் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே கதவுக்கு அடியில், இரண்டு விரல் சந்தில், புகை நுழைந்தது. தொண்டையில் நெருப்பை வைத்தது போல எரிந்தது. இருவரும் இருமினார்கள். சமையல்கார காந்தாவை மாறி மாறிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. ஓஸ்வால்ட் கதவை உதைத்தார். சொன்னபடியே கெட்டிப் பலகை, அசையவில்லை. பவுலின் ஜன்னலுக்கு ஓடினாள். கம்பி. அதுவும் அவளே போட வைத்ததுதான்.

கம்பியைப் பிடித்தபடி அறைக் கதவுகளைத் திரும்பிப் பார்த்தாள். இதே வராந்தா, நடு ராத்திரி, அறை அறையாகப் பெண்கள். சாவியோ கீழே, பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு அடித்துப்போட்டாற்போல் தூங்கும் அவள் இடுப்பில்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வெளியே போய்த் திரும்பிய ஹாஸ்டல் பெண் ஷோபா. பையில் சாவி இருக்கிறது என்று பவுலின் கத்தியதும் அவள் தேடியெடுத்துத் திறந்தாள்.

"உள்ளயா இருந்தீங்க ஆன்ட்டி? காந்தாக்கா சாம்பார் பொடிக்கு மிளகாய் வறுக்கறாங்க. தெருவே இருமுது."

ஓஸ்வால்ட் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் விட்டுக்கொடுக்க மாட்டார், இனி கிறிஸ்துமஸ் வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்றுதான் பவுலின் நினைத்தாள்.

"அந்த ஆனேக்கல் ஆளையே கூப்பிடு பவுலி," என்றார் அவர். "மொளகாய்க்கே இந்தக் கதின்னா..." மிச்சத்தை இருமல் விழுங்கிவிட்டது.

கீழே இறங்கியதும் ஷங்கருக்குப் போன் போட்டாள். பூட்டு வேண்டாம், மணி சத்தம் மட்டும் பெரிதாக இருக்கட்டும் என்றாள். அவர் குத்திக்காட்டவில்லை. மறுநாளே அளவெடுக்க வருவதாகவும், ஜன்னல் கம்பிகளையும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். சரி என்றாள்.

கஷ்டமான வேலை இனிமேல்தான். பூட்டுக்காகவே மகளை இங்கே சேர்த்தவர் ஷோபாவின் அம்மா. ஷோபா தன் போனை நீட்டினாள். "அம்மா லைன்ல இருக்காங்க. நீங்களே சொல்லிடுங்க ஆன்ட்டி."

பவுலின் எரியும் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ராத்திரில இனிமே பூட்டறதில்லீங்க. கோவிச்சுக்காம கேளுங்க, ஏன்னு சொல்றேன்."