உள்ளே இருக்கும் பங்காளி

சாப்பாட்டுப் பையை மாட்ட அந்தப் பண்ணையில் வேறு இடமா இல்லை? சுவர் நெடுக ஆணி. இருந்தும் வக்கீல் அதை நோய் ஆடுகளின் கொட்டிலுக்கும் நல்ல ஆடுகளின் கொட்டிலுக்கும் நடுவே இருந்த கதவின் கொண்டியில்தான் மாட்டினான். பையின் கனத்தில் கொண்டி சரியாக விழவில்லை, கதவு திறந்துகொண்டது. தீவனக் கூடையோடு அவன் திரும்பி வந்தபோது நோய்க் கொட்டிலின் ஆடுகள் இந்தப் பக்கம் வந்திருந்தன. நல்ல ஆடுகளின் தொட்டியில் மூக்கை விட்டு, சம்பந்தி வீட்டுக்கு விருந்து வந்தவர்கள் மாதிரி கூச்சமில்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, நிறைசூலியாக, நல்ல கொட்டிலைச் சேர்ந்த மினுக்கி.

வக்கீல் என்பது பட்டப்பெயர். ஆராய்ச்சிப் பண்ணையில் ஆடுகளைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பான். "சாப்பிட்டாச்சா?" என்றால் "ஏன், மிச்சம் இருக்கா?" என்பான். அப்படி வந்த பெயர். மினுக்கி தாயை இழந்த குட்டியாக வந்து அவன் கையில் புட்டிப்பால் குடித்து வளர்ந்தவள். இன்றும் அவன் சட்டைப் பையை மோந்து பார்க்காமல் நகரமாட்டாள்.

ஆராய்ச்சி செய்யும் மேடம் வந்து பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ, "பரவால்ல வக்கீல் சார், நடந்தது நடந்துபோச்சு" என்றார்.

"மினுக்கிக்கு ஒட்டியிருக்குமா மேடம்?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"ரத்தம் எடுத்துப் பாத்தா தெரியாதா?"

"இல்லன்னு வந்தா நம்ப முடியாது. உடம்பு இந்த வைரஸை எதிரியாவே நினைக்காது, அதனால ரத்தத்துல எதிர்ப்பும் உருவாகாது. ரொம்ப காலத்துக்கு முன்னாடி இதே வம்சத்து வைரஸ் ஒண்ணு ஆட்டுக்குள்ள நுழைஞ்சு, மரபணுவிலயே தங்கிடுச்சு. தலைமுறை தலைமுறையா மாறி, அதோட புரதம் இப்ப ஆட்டுக்கே வேலை செய்யுது. கருப்பையில குட்டி ஒட்டி வளர அது வேணும்."

"அப்ப நல்லவன்தானே?"

"அவன் நல்லவன். வெளிய சுத்துறது அவனோட பங்காளி. புரதம் கிட்டத்தட்ட அதேதான், வால் மட்டும் வேற. அந்த வால் நுரையீரல் செல்லுக்குள்ள நீட்டிக்கிட்டு 'பெருகு, பெருகு'ன்னு விடாம சொல்லும். அதுதான் புற்றுநோய்."

"பங்காளிக்குப் பங்காளி ஆகாதே மேடம். உள்ள இருக்கறவன் இவனை வாசல்லயே தடுக்க மாட்டானா?"

"சில சமயம் தடுப்பான்."

"சில சமயம்னா?"

"எல்லா சமயமும் இல்ல."

வக்கீலுக்குத் தலை சுற்றியது. குட்டியைத் தாங்குபவனும் தாயைத் தின்பவனும் ஒரே குடும்பம். வயிற்றுக்குள் இருப்பவன் வேண்டியவன், நெஞ்சுக்குள் வருபவன் வேண்டாதவன். இதில் மினுக்கிக்குள் எவன் இருக்கிறான், எவன் வந்திருக்கிறான்? வீட்டில் மனைவியிடம் விளக்கப் பார்த்தான். பாதியில் அவனுக்கே வழி தவறியது.

"ஏங்க, அதுக்கு நோய் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருக்கலாம்."

"உங்களுக்கு வக்கீல்னு சும்மாவா பேரு வெச்சாங்க" என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நோய் முற்றியதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பின்னங்கால்கள் இரண்டையும் தள்ளுவண்டி மாதிரி தூக்கிப் பிடித்தால், தாழ்ந்த மூக்கிலிருந்து நுரையும் நீருமாகக் கொட்டும். நோய்க் கொட்டிலின் கிழட்டு ஆட்டைத் தூக்கும்போதெல்லாம் அவன் செருப்பு நனைந்துவிடும். மினுக்கியைத் தூக்க முடியாது, நிறைமாதம். தூக்கினாலும் இத்தனை சீக்கிரம் ஒன்றும் தெரியாதாம். ஆகவே அவளுடைய மூக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு சொட்டு தொங்கினால் போதும், ஓடிப்போய்க் குனிவான். தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, "தண்ணி குடிச்சதுதான், இல்லடி?" என்பான். அவள் சட்டைப் பையை மோந்து பார்ப்பாள். அவள் பதிலும் மேடம் பதில் மாதிரித்தான், எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நண்பகலில் மினுக்கி குட்டி போட்டாள். ஈரமும் வழுவழுப்புமாக வைக்கோலில் விழுந்ததை அவள் நக்க நக்க, அது நான்கு கால்களையும் நான்கு திசைக்கு விரித்து எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. வக்கீலுக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு. உள்ளே இருந்த பங்காளி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். தலையை ஆட்டி ஆட்டி மடியைத் தேடி வந்த குட்டி காம்பை எட்டப்போன நேரத்தில், அவன் கை தானாக நடுவே போயிற்று.

மேடம் கதவோரம் நின்றிருந்தார்.

"பால் வழியா போகுமா மேடம்?"

"போக வாய்ப்பு இருக்குன்னு... ஆனா தாய்க்கே இருக்கான்னு நமக்கு இன்னும்..."

குட்டி அவன் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு, அதுதான் காம்பு என்று நம்பிச் சப்ப ஆரம்பித்தது. சின்ன நாக்கு, நல்ல சூடு. பின்னாலிருந்து மினுக்கி அடித்தொண்டையில் ஒருமுறை கூப்பிட்டாள். அவனையா, குட்டியையா தெரியவில்லை. வக்கீல் மேடம் பக்கம் திரும்பினான்.

"விடட்டுமா, வேணாமா?"

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வெறும் கண்ணோடு மினுக்கியைப் பார்த்தார், பிறகு அவனை.

"வேணாம்" என்றார்.