தொட்டித் தண்ணீர்

பெட்டிக்கார அண்ணனுக்கு நான் தர வேண்டியது ஆறாயிரத்து இருநூறு. மகளுக்குக் கால் முறிந்தபோது, கேட்காமலே கையில் திணித்த காசு. அவர் அக்கரை நாட்டுக்காரர். அங்கே கடலில் தப்பிப் பிழைத்த பவளக் கொத்துகளை நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி, பெட்டிகளில் அடுக்கிப் படகில் கொண்டுவருவார். கடல் சூடேறிச் செத்த எங்கள் பவளப்பாறைகளில் அவற்றை நட வேண்டும். இரண்டு அரசும் கையெழுத்துப் போட்டுச் செய்கிற வேலை. நடும்வரை தொட்டியில் வைத்துக் காப்பது என் பொறுப்பு.

ஒருநாள் சாயங்காலம் பார்த்தால், கொத்துகள் இருந்த தொட்டியின் அடைப்பு கசிந்து பாதித் தண்ணீர் போய்விட்டது. கடல்நீர் இறைக்கிற மோட்டாரும் மக்கர். கரையிலிருந்து குடம் குடமாகச் சுமக்க வேண்டும். முதுகு விட்டுப்போயிருந்தது. பக்கத்துக் குடிநீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். தொட்டிமேல் 'கடல்நீர் மட்டும்' என்று பலகை. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன்தான் நான். அதைப் படிக்கத் தெரியாமல் இல்லை.

காலையில் கொத்தெல்லாம் சுண்ணாம்பாய் வெளுத்து, சளி விட்டுக் கிடந்தன.

கூட்டம் போட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள் அதிகாரி, இந்தப் பக்கம் எங்கள் அதிகாரி.

"உங்க ஆளு பெட்டி கட்டின லட்சணம் இது," என்றார் எங்களவர்.

"அப்படியா? இனிமே ஒரு பெட்டிகூட வராது, போங்க," என்றார் அக்கரை அதிகாரி.

பெட்டிக்கார அண்ணன் எழுந்து நின்றார். "என் கைதான் தப்பியிருக்கும்ங்க. தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. பெத்த பிள்ளையாட்டம் பாத்துக்கிட்டான்."



நானும் அண்ணனும் டீ குடிக்க வெளியே வந்தோம். அவர் என் தோளில் இடித்தார். "என்னடா, இழவு வீட்டுல உக்காந்த மாதிரி? வேலை போனா எனக்குத்தானே போவுது? நீ தர வேண்டிய கடன் இருக்குல்ல, அத வச்சு ரெண்டு மாசம் ஓட்டிருவேன்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு நேரே உள்ளே போனேன்.

"ஐயா, அவரு கட்டினதுல குத்தமில்ல. குடிதண்ணியத் திறந்துவிட்டது நான்தான். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

ஒப்பந்தம் பிழைத்தது, பெட்டிகள் தொடர்ந்து வரும் என்றார்கள். என்னை அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். அந்தப் பணத்தோடு அவர் படகு நின்ற துறைக்குப் போனேன்; அதற்குள் சேதி அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"அண்ணே, ஆறாயிரத்து இருநூறு."

வேண்டாம் என்பார், திட்டவாவது செய்வார் என்று நின்றேன். வாங்கினார். விரலை நனைத்து ஒவ்வொரு தாளாக எண்ணினார்.

"சரியா இருக்குங்க," என்று சொல்லிவிட்டு, காலிப் பெட்டிகளை ஏற்றப் போனார்.